டிஸ்பர்ஸ்: கலைந்ததா, கைக்கு வந்ததா?



பெரிய காஞ்சிபுரத்தில் மளிகைக் கடை நடத்தும் நண்பர் ஒருவர், தீபாவளிச் சரக்கு எடுப்பதற்காக ஐந்து லட்சம் ரூபாய் கடனுக்கு விண்ணப்பித்திருந்தார். ஒரு நாள் மாலை தொலைபேசியில் அழைத்தவர், "உங்க லோன் டிஸ்பர்ஸ் ஆயிடுச்சு சார்" என்று சொல்லி வைத்துவிட்டார். நண்பர் கல்லூரியில் படிக்கும் மகளிடம் பொருள் கேட்டார். அகராதியைப் புரட்டிய மகள், "சிதறிப் போறது, கலைஞ்சு போறதுன்னு போட்டிருக்குப்பா" என்றாள். கடன் கைநழுவிப் போயிற்று என்று நண்பர் இரவெல்லாம் தூங்கவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், பணம் கணக்கில் வரவாகியிருந்தது!

கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்தச் சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்வதில் நம் பணமும் அடங்கியிருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு சொல், ஒரே எழுத்து

ஆங்கிலத்தில் இவை இரண்டு தனித்தனிச் சொற்கள். தமிழில் எழுதினால் இரண்டும் 'டிஸ்பர்ஸ்' ஆகிவிடுகின்றன. நமக்கு 'ப' ஒன்றே. 'பருப்பு' என்னும்போது முதலில் வரும் 'ப' ஒலித்தால் அது கலைவது, சிதறுவது. 'கம்பு' என்னும்போது வரும் 'ப' ஒலித்தால் அது பணம் கொடுப்பது. எழுத்தில் பார்ப்பதென்றால், கலைவதைக் குறிக்கும் சொல்லின் நடுவில் 'ஈ' என்ற எழுத்து வரும்; பணத்தைக் குறிக்கும் சொல்லில் அந்த இடத்தில் 'யு' வரும்.

முதல் சொல், 'தூவுதல், இறைத்தல்' என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. இரண்டாவது சொல்லின் வேர் 'பணப்பை'. நாம் சட்டைப்பையில் வைத்திருக்கும் 'பர்ஸ்' அதற்கு உறவுதான். பையிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுப்பதே அதன் பொருள். கம்பெனிச் சலுகைக்காக நாம் முதலில் செலவழித்ததைப் பின்னால் திருப்பித் தருவதை 'ரீயிம்பர்ஸ்' என்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான். நம் பழைய சொல்லில் கூறினால், பணம் பட்டுவாடா.

கடையிலேயே இருக்கும் அகராதி

'கலைவது' என்ற முதல் சொல்லுக்கு ஆங்கிலத்தில் உறவுச் சொற்கள் பல உண்டு. அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். கடையில் நின்று பார்த்தாலே விளங்கும்.

மூட்டை கிழிந்து உளுந்து நாலாபக்கமும் ஓடினால் அது 'ஸ்கேட்டர்': சிதறுதல். பிள்ளையாருக்கு உடைக்கும் சிதறுகாயும் அதுவே. மிளகாயை வெயிலில் காய வைத்தால் 'ஸ்ப்ரெட்': பரப்புதல். வாசலில் நீர் தெளித்தாலும், பலகாரத்தின் மேல் சர்க்கரை தூவினாலும் ஆங்கிலத்தில் 'ஸ்பிரிங்கிள்' என்ற ஒரே சொல்தான். நாம் நீருக்குத் தெளித்தல், பொடிக்குத் தூவுதல் என்று பிரித்துச் சொல்கிறோம்.

ஏகாம்பரநாதர் கோயில் பங்குனி உத்திர விழாவில் சுவாமி புறப்பாடு முடிந்ததும் தெருவில் நின்ற கூட்டம் வீடு திரும்புகிறதே, அது 'டிஸ்பர்ஸ்': கலைதல். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148ஆம் பிரிவு, சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைந்து போகச் சொல்லும் அதிகாரத்தைக் காவல்துறைக்குத் தருகிறது. அங்கும் இந்தச் சொல்தான்.

ஒரே லாரிச் சரக்கை இன்ன கடைக்கு இத்தனை மூட்டை என்று கணக்குப் போட்டு இறக்கினால் அது 'டிஸ்ட்ரிப்யூட்': விநியோகம். முறையோடு பிரிந்தால் விநியோகம். முறை கெட்டால் சிதறல். இந்த வேறுபாட்டை வியாபாரிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை!

வட்டி எந்த நாளிலிருந்து?

இனி பண விஷயம். கடன் பத்திரத்தில் மூன்று தேதிகள் வரலாம்: கடனுக்கு ஒப்புதல் தந்த நாள், நாம் கையெழுத்திட்ட நாள், பணம் நம் கைக்கு வந்த நாள். மூன்றாவதுதான் பட்டுவாடா நாள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். கடன் ஐந்து லட்சம், ஆண்டு வட்டி 12 சதவீதம். ஒப்புதல் 1ஆம் தேதி. பணம் வந்தது 21ஆம் தேதி. ஒப்புதல் நாளிலிருந்தே வட்டி போட்டால், கையில் இல்லாத பணத்துக்கு 20 நாள் வட்டியாகச் சுமார் 3,288 ரூபாய் கட்ட நேரிடும். நம் தொழிலில் இந்தத் தொகையை லாபமாகப் பார்க்க எத்தனை மூட்டை விற்க வேண்டும்!

இப்படிச் சில இடங்களில் நடந்ததைத் தன் ஆய்வில் கண்ட ரிசர்வ் வங்கி, 2024 ஏப்ரல் 29 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வங்கிகள், கூட்டுறவு வங்கிகள், வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு அது பொருந்தும். ஒப்புதல் நாளிலிருந்தோ பத்திரம் எழுதிய நாளிலிருந்தோ வட்டி போடுவது, காசோலையைப் பல நாள் கழித்துக் கொடுத்துவிட்டு அதிலுள்ள தேதியிலிருந்து வட்டி கணக்கிடுவது, மாத நடுவில் கொடுத்த அல்லது அடைத்த கடனுக்கு முழு மாத வட்டி வாங்குவது, சில தவணைகளை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு முழுத் தொகைக்கும் வட்டி போடுவது ஆகிய யாவும் நியாயமற்றவை என்று அது கூறியது. கூடுதலாக வாங்கிய வட்டியைத் திருப்பித் தரவும் அந்நிறுவனங்களுக்கு அறிவுறுத்தப்பட்டது.

கையெழுத்துக்கு முன்

சில்லறைக் கடன்களுக்கும், குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான தவணைக் கடன்களுக்கும், வட்டி, கட்டணம் முதலான முக்கிய விவரங்கள் அடங்கிய ஒரு தாளைத் தர வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் விதி. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். ஆகவே "தமிழில் கொடுங்கள்" என்று கேட்பது சலுகை அல்ல, உரிமை.

பணம் வந்ததும் கணக்குப் புத்தகத்தில் வரவான தேதியையும், வட்டி தொடங்கிய தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபட்டால் முதலில் கடன் தந்த இடத்திலேயே எழுத்து மூலம் முறையிடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.

நம் நண்பரும் இப்போது தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார். தராசு முள்ளைப் பார்க்காமல் நாம் சரக்கு வாங்குவதில்லை. கடன் பத்திரத்தின் சொல்லையும் அப்படியே பார்த்து வாங்குவோம்.