டில்லி வீட்டு முற்றத்தில் திராட்சைப் பந்தல்

திராட்சை என்றதும் தமிழர்களுக்கு நினைவுக்கு வருவது கம்பம் பள்ளத்தாக்கு. சின்னமனூர், ஓடைப்பட்டிப் பக்கத்துக்காரர் ஒருவர் டில்லியில் அகப்பட்டால், பன்னீர் திராட்சையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். ஆனால் ஜனவரிக் குளிரும் மே மாத ‘லூ’ காற்றும் வாட்டும் இந்தத் தலைநகரில் திராட்சை வருமா என்று கேட்டால், பலரும் கையை விரித்துவிடுவார்கள்.

வரும் என்பதே உண்மை. 14-ம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் டில்லியைச் சுற்றி 1,200 தோட்டங்கள் அமைத்ததாகவும், அங்கு திராட்சை விளைந்ததாகவும் வரலாற்றாசிரியர் அபீப் எழுதியிருக்கிறார். நம் காலத்தில் அந்தப் பணியைச் செய்து வருவது, பூசா என்று எல்லோரும் அழைக்கும் இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம். 1934-ல் பீகார் பூகம்பத்தில் இடிந்த பிறகு 1936-ல் டில்லிக்கு வந்த நிலையம் அது. பழைய ஊர்ப்பெயரும் கூடவே வந்துவிட்டது.

ஊர் வேறு, முறை வேறு

கம்பத்தில் கொடி உறங்குவதே இல்லை. அங்கே டிசம்பர்–ஜனவரியில் ஒரு கவாத்து, மே–ஜூனில் ஒரு கவாத்து என்று வெட்டி வெட்டியே ஆண்டுக்கு இரண்டு வெள்ளாமைக்குக் குறையாமல் எடுத்துவிடுகிறார்கள். டில்லியில் கதை வேறு. குளிர் வந்ததும் இலை முழுவதும் உதிர்ந்து, கொடி பட்ட கட்டைபோல் நிற்கும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்தவர்களும் உண்டு. அது சாவு அல்ல, தூக்கம். இங்கே ஆண்டுக்கு ஒரே வெள்ளாமை, ஒரே கவாத்து. அதற்குரிய காலம் ஜனவரி.

ஊர் ஞாபகத்தில் மே–ஜூனிலும் கத்தரியை எடுத்தால் நஷ்டம்தான். கோடை வெயிலில் இந்த ஆண்டுக் குச்சியின் மொட்டுக்குள்ளேதான் அடுத்த ஆண்டுப் பூங்கொத்து உருவாகிறது. அதை வெட்டினால் வரப்போகும் பழத்தையே வெட்டியதாகும். புதிதாக வரும் தளிரும் மழைக்கால நோய்க்கு இரையாகும். முற்றுவதற்குள் குளிர் வந்துவிடும்.

மழைக்கு முன்னே பழம்

டில்லியில் பருவமழை வழக்கமாக ஜூன் கடைசி வாரத்தில் தொடங்குகிறது. பழுத்த குலையில் மழை பட்டால் பழம் வெடித்து அழுகும். ஆகவே மே கடைசியிலும் ஜூனிலும் பழுத்துவிடும் ரகங்களே இங்கு ஏற்றவை. கருநிற பியூட்டி சீட்லெஸ், வெளிர்பச்சை பெர்லெட் ஆகிய இரண்டும் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக் கழகத்தில் உருவானவை. இரண்டுக்கும் விதை கிடையாது. பூசா நிலையமே உருவாக்கிய ரகங்களில் பூசா ஊர்வசி, பூசா நவரங் இரண்டும் கரும்புள்ளி நோயைத் தாங்கக்கூடியவை. நவரங்கின் தோல் மட்டுமல்ல, சதையும் சிவப்பு. பழச்சாற்றுக்கு உகந்தது.

நடவும் கவாத்தும்

சுவரோரம் நல்ல வெயில் படும் இடத்தில் இரண்டரை அடி ஆழக் குழி எடுத்து, மண்ணும் மக்கிய தொழு உரமும் கலந்து நிரப்ப வேண்டும். டில்லியில் கரையான் தொல்லை உண்டு. மக்காத சாணம் அதை அழைத்து வரும். நான்கு கணு உள்ள, பென்சில் கனத்துக் குச்சியை ஜனவரியில் வெட்டி வேர் பிடிக்க வைத்து, அடுத்த ஜனவரி–பிப்ரவரியில் குழியில் நடலாம். முதல் வருஷம் ஒரே தண்டை மட்டும் விட்டு, பந்தல் உயரம் எட்டியதும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். பிறகு இரு பக்கமும் ஒவ்வொரு கிளை போதும். ஆசைப்பட்டு எல்லாக் கிளையையும் விட்டால் இலை மிஞ்சும், குலை கிடைக்காது.

காய்க்கத் தொடங்கிய கொடியில், சென்ற ஆண்டு வளர்ந்து பழுப்பேறிய குச்சியிலிருந்து வரும் புதுத் தளிரில்தான் பூ பிடிக்கும். பெர்லெட், பியூட்டி சீட்லெஸ் ரகங்களில் குச்சிக்கு மூன்று நான்கு மொட்டுகள் விட்டு வெட்டினால் போதும். பூசா சீட்லெஸ் ரகத்துக்கு அது போதாது; பத்து மொட்டு வரை விட வேண்டும். அதன் அடிமொட்டுகள் காய்ப்பதில்லை.

தண்ணீர்

கொடி உறங்கும் காலத்தில் தண்ணீர் தேவையில்லை. கவாத்து முடிந்ததும் ஒரு முறை பாய்ச்ச வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில், காய் பருக்கும்போது வாரம் ஒரு முறையாவது வேண்டும். பழுக்கும் தறுவாயில் நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் இனிப்புக் குறையும். மாங்காயைப்போல் திராட்சையைப் பறித்து வைத்துப் பழுக்க வைக்க முடியாது. குலையின் நுனிப் பழம்தான் கடைசியில் இனிக்கும். அதைத் தின்று பார்த்துவிட்டுப் பறிக்கலாம்.

யாருக்குப் பழம்?

நட்ட மூன்றாம் வருஷம்தான் முதல் குலை தொங்கும். வாடகை வீட்டிலோ சர்க்கார் குவார்ட்டர்ஸிலோ இருக்கும் நம்மவர்கள் தயங்குவது இங்கேதான். மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றிவிட்டு, மாற்றல் உத்தரவு வந்தால் பழம் அடுத்து வருபவருக்குத்தானே என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒவ்வொரு ஜனவரியிலும் கவாத்தில் வெட்டி எறியும் குச்சிகளே அடுத்த தோட்டத்துக்கு விதை. ஈரச் சாக்கில் சுற்றிய நாலு குச்சி பெட்டியின் மூலையில் அடங்கிவிடும். பந்தலை விட்டுச் செல்லலாம். கொடியைக் கூடவே எடுத்துச் செல்லலாம்.