எந்த உயரத்தில் திரும்புவது?

ஆழமில்லாத நீண்ட குளம் ஒன்று. அதன் தொடக்கத்தில் 10 மீட்டர் இடைவெளி விட்டு இரண்டு குறிக்கம்பங்கள் நிற்கின்றன. உயரம் ஒன்றரை மீட்டர். வானிலிருந்து பாராசூட்டில் இறங்கி வருகிறவர் அந்த இரண்டுக்கும் நடுவே, கம்பத்தின் உயரத்துக்குக் கீழாக நுழைந்தாக வேண்டும். நுழைந்ததும் 70 மீட்டர் நீளத்துக்கு வளைந்து செல்லும் பாதை. கைதேர்ந்தவர்கள் அதை இரண்டரை விநாடிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டால் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். பல நேரம் கால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டே போகும்.

கேனபி பைலட்டிங் என்று போட்டி விதிகளிலும், ஸ்வூப்பிங் என்று குதிப்பவர்களின் பேச்சிலும் வழங்கும் இந்த விளையாட்டின் முதல் உலகச் சாம்பியன்ஷிப் 2006-இல் வியன்னாவில் நடந்தது. பறப்பவரிடம் எஞ்சின் கிடையாது. அவர் கையில் இருப்பது உயரம் ஒன்றுதான். அதைக் கடைசிச் சில விநாடிகளில் செலவழித்து வேகமாக மாற்றிக்கொள்கிறார். அந்தச் செலவை எத்தனை அடியில் தொடங்குவது, எந்த முறையில் செய்வது என்பதைச் சுற்றித்தான் ஸ்வூப் பழகுகிறவரின் கவனம் முழுவதும் இருக்கிறது. இருக்கவும் வேண்டும். பாராசூட் திறக்காமல் போவதுதான் ஸ்கைடைவிங்கின் பெரிய ஆபத்து என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். ஒழுங்காகத் திறந்து, எந்தக் கோளாறும் இல்லாமல் பறந்துகொண்டிருந்த பாராசூட்டின் கீழேயே, தரைக்கு அருகில் தவறாகத் திரும்பி உயிரிழந்தவர்கள் ஏராளம். தொடையும் இடுப்பும் முறிந்து மாதக்கணக்கில் படுத்தவர்கள் அவர்களைவிட அதிகம்.

இந்தப் பாராசூட்டைப் பழைய போர்ப்படங்களில் பார்க்கும் வட்டக் குடையாக எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் காற்றாடிகளும் பலூன்களும் செய்துவந்த டொமினா ஜால்பெர்ட் 1964-இல் விண்ணப்பித்து 1966-இல் காப்புரிமை பெற்ற வடிவம்தான் இதன் மூதாதை. மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு துணிப் பரப்புகள். இடையே வரிசையாக அறைகள். ஒவ்வோர் அறையின் முன்வாயும் திறந்திருக்கும். முன்னோக்கிப் பறக்கும்போது காற்று உள்ளே புகுந்து அடைபட, துணி விறைத்து விமானச் சிறகின் வடிவத்துக்கு வந்துவிடும். பறப்பவரின் தோள்களிலிருந்து ரைசர் எனப்படும் நான்கு பட்டைகள் மேலே செல்கின்றன. முன்னிரண்டும் சிறகின் மூக்குப் பக்கத்தைத் தாங்குகின்றன, பின்னிரண்டும் பின்பகுதியை. இவை தவிர, சிறகின் வால் விளிம்பைக் கீழே இழுக்க டாகிள் என்ற இரண்டு பிரேக் கைப்பிடிகள் உண்டு. ஸ்வூப்புக்கென்றே செய்த கேனபிகளில், அதாவது பாராசூட் சிறகுகளில், அறைகளுக்குள் சாய்வாகக் குறுக்குத் துணிகள் தைத்திருப்பார்கள். பெரும் வேகத்திலும் சிறகு உருக்குலையாமல் இருக்க அவை உதவுகின்றன.

கேனபியின் குணத்தை முதலில் தீர்மானிப்பது சிறகுச் சுமை. பறப்பவரும் உடுப்பும் கருவிகளும் சேர்ந்த எடையைப் பவுண்டில் எடுத்து, கேனபியின் பரப்பைச் சதுர அடியில் எடுத்து வகுப்பது உலகமெங்கும் குதிப்பவர்களின் வழக்கம். எல்லாம் சேர்த்து 100 கிலோ, அதாவது 220 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். மாணவருக்குத் தரும் 230 சதுர அடிக் கேனபியில் சுமை ஒன்றுக்குச் சற்றுக் கீழே நிற்கும். அதே ஆள் 79 சதுர அடிக் கேனபியில் தொங்கினால் 2.8-ஐ நெருங்கிவிடும். எர்னெஸ்டோ கைன்ஸா 2014-இல் துபாயில் வெறும் 35 சதுர அடிக் கேனபியோடு தரையிறங்கிக் காட்டினார். சுமை கூடினால் வேகம் கூடும். அதோடு ஒவ்வோர் அசைவும் விழுங்கும் உயரமும் கூடும். இந்த இரண்டாவது விளைவுதான் இங்கே நமக்கு முக்கியம்.

நேராகப் பறக்கும் கேனபி தனக்குரிய ஒரு வேகத்தில் நிலைத்துவிடும். அதற்கு மேல் வேகம் வேண்டுமானால் மூக்கைக் கீழே குத்த வைக்க வேண்டும். இரண்டு முன்ரைசர்களையும் சேர்த்து இழுப்பது எளிய வழி, ஆனால் அதில் கிடைப்பது கொஞ்சம்தான். திருப்பத்தில் கிடைப்பது மிக அதிகம். ஒரு பக்க முன்ரைசரை இழுத்துச் சுழலத் தொடங்கியதும், நூல்களின் நுனியில் தொங்கும் உடல் ஊஞ்சலில் வீசப்பட்டதுபோல வெளிப்பக்கம் போகிறது. சிறகு பக்கவாட்டில் சாய்ந்து தரையை நோக்கிப் பாய்கிறது. சுழற்சியால் சுமை கூட, வேகம் மேலும் ஏறுகிறது. ரைசரை விட்டதும் உடல் மெல்லச் சிறகுக்கு நேர் கீழே திரும்பி வருகிறது, மூக்கு நிமிர்கிறது, செங்குத்துப் பாய்ச்சல் ஒரு பெரிய வளைவாகக் கிடைமட்டப் பறத்தலாக மாறுகிறது. இதை மீள்வளைவு எனலாம். தரை அந்த வளைவின் அடியில் சரியாக வந்து அமைய வேண்டும். திருப்பத்தின் உயரத்தைத் தேர்வது என்பது இந்த வளைவைத் தரையோடு பொருத்துவதுதான்.

உயரம் கூடிப்போவதும் குறைந்துபோவதும் சம அளவுள்ள பிழைகள் அல்ல. 50 அடி அதிகமாகத் தொடங்கிவிட்டால் முன்ரைசர்களை இன்னும் சற்று நேரம் பிடித்துவைத்துப் பாய்ச்சலை நீட்டலாம். அதுவும் முடியாவிட்டால் வளைவு முடிந்தபின் சாதாரணமாகப் பறந்து இறங்கலாம். நஷ்டம் கொஞ்சம் வேகமும் ஓர் அழகான ஓட்டமும்தான். 50 அடி குறைவாகத் தொடங்கினால் வளைவைப் பலவந்தமாகச் சுருக்க வேண்டியிருக்கும். விநாடிக்கு 35 மீட்டர் வேகத்தில் 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் நிமிரும்போதே உடல் உணரும் எடை ஏறத்தாழ மூன்றரை மடங்கு. ஆரத்தைப் பாதியாகக் குறைக்க முயன்றால் அது ஆறு மடங்கை எட்டும். அத்தனை தூக்குவிசையைச் சிறகு தரும் என்று எந்த உறுதியும் இல்லை. இந்த ஒரு சமமின்மையைப் புரிந்துகொண்டவர் பாதுகாப்பின் பெரும்பகுதியைப் புரிந்துகொண்டவர் என்றே நான் கருதுகிறேன். உயரத்தைக் குறிவைக்கும்போது நடுப்புள்ளிக்கு வைக்கக் கூடாது, மேல்பக்கம் தள்ளித்தான் வைக்க வேண்டும்.

அப்படியானால் எத்தனை அடி? ஸ்வூப்பர்கள் அதிகம் செய்யும் திருப்பம் 270 பாகை, அதாவது முக்கால் சுற்று. குறுக்குத் துணி வைத்த கேனபிகளில் இதை 600 முதல் 900 அடிக்குள் பலரும் தொடங்குகிறார்கள். போட்டிகளில் 450 பாகை, 630 பாகை என்று ஒரு முழுச் சுற்றுக்கும் மேலே போகிறவர்கள் ஆயிரம் அடியைத் தாண்டித் தொடங்குகிறார்கள். ஆனால் இன்னொருவரின் எண்ணைக் கடன் வாங்குவதைப் போல ஆபத்தான காரியம் இதில் வேறில்லை. ஒரே மாதிரியான திருப்பம் விழுங்கும் உயரம் ஏறத்தாழச் சிறகுச் சுமைக்கு நேர் விகிதத்திலும், காற்றின் அடர்த்திக்கு எதிர் விகிதத்திலும் மாறுகிறது. நண்பரின் கேனபியே உங்களிடம் இருந்தாலும், அவரைவிட நீங்கள் 15 கிலோ கூடுதல் என்றால் அவருடைய உயரம் உங்களுக்குக் குறைவு.

காற்றின் அடர்த்தி கண்ணுக்குத் தெரியாது, அதனால் மறந்துபோகும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லாங்மாண்ட் என்ற ஊர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,540 மீட்டரில் இருக்கிறது. 2011-இல் அங்கே நிக் பாட்ச் தரையை ஒட்டி 222.45 மீட்டர் பறந்து தொலைவுச் சாதனை படைத்தார். அவருடைய திறமையோடு மெல்லிய காற்றும் அதில் பங்கேற்றது. அடர்த்தி குறைந்த காற்றில் எடையைத் தாங்கச் சிறகு வேகமாகப் பறந்தாக வேண்டும். அந்த வேகம் ஓட்டத்தின் நீளமாகிறது. அதே காற்று திருப்பத்தையும் பெரிதாக்கும். லாங்மாண்டில் 30 டிகிரி வெயிலடிக்கும் பகலில் அடர்த்தி, கடலோரத்தின் மிதமான நாளோடு ஒப்பிட்டால், 78 சதவீதத்துக்கு வந்துவிடும். கடலோரத்தில் 700 அடி விழுங்கிய திருப்பம் அங்கே ஏறத்தாழ 900 அடி கேட்கும். மலை ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கடலோரமான துபாயிலும் 40 டிகிரி வெயிலில் அதே திருப்பத்துக்கு 760 அடி வேண்டும். காலையில் சரியாக வந்த உயரம் மதியம் குறைந்துபோவதற்கு வெயிலே போதும்.

உயரத்தைச் சொல்லும் கருவியும் காற்றழுத்தத்தை வைத்தே சொல்கிறது. அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால் காட்டும் உயரம் ஏறக்குறைய 27 அடி மாறும். காலையில் சுழியம் வைத்த ஆல்டிமீட்டரை ஒவ்வொரு குதிப்புக்கும் முன் தரையில் ஒருமுறை பார்த்துச் சரிசெய்தாக வேண்டியது அதனால்தான். ஹெல்மெட்டுக்குள் வைத்த கருவி குறித்த உயரத்தில் காதருகே கீச்சிடும். பலர் அதை நம்பித் தொடங்குகிறார்கள். தொடங்க மட்டும்தான் அது உதவும். பாய்ச்சலின் உச்சத்தில் உயரம் விநாடிக்கு 100 அடி வீதம் கரையும்போது எண்ணைப் படித்துக்கொண்டிருக்க நேரம் ஏது? அதன்பின் கண்ணும் பழக்கமும்தான்.

ஒரு 270 பாகைத் திருப்பத்தை அருகிலிருந்து பார்ப்போம். பறப்பவர் குறித்த இடத்துக்கு மேல் வருகிறார். கீழேயும் பக்கங்களிலும் வேறு கேனபி இருக்கிறதா என்று பார்க்கிறார். இருந்தால் திருப்பமே இல்லை. டாகிள்களைச் சற்று இழுத்து வேகத்தைக் குறைக்கிறார். வேகம் எடுக்கப் போகிறவர் ஏன் குறைக்கிறார்? வேகமாகப் பறக்கும்போது முன்ரைசர் இரும்பாக இறுகிவிடும், இழுக்க முடியாது. மெதுவாகும்போது அது இளகும். டாகிள்களை விட்டதும் சிறகு முன்னே பாயும்; அந்தக் கணத்தில் இரண்டு முன்ரைசர்களையும் இழுக்கிறார். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் ஆழமாக இழுத்து, இடுப்பையும் அதே பக்கம் சாய்த்து அமர்கிறார். முதல் கால் சுற்று நிதானமாக நடக்க வேண்டும், வேகம் போகப் போகக் கூட வேண்டும். முதலிலேயே வெடுக்கென்று சுழன்றுவிட்டால் நடுவில் திருத்திக்கொள்ள இடமிருக்காது. கடைசிக் கால் சுற்றில் கண் நுழைவாயிலைப் பிடிக்கிறது. உயரம் மிச்சம் என்று கண் சொன்னால் ரைசரைப் பிடித்திருக்கிறார், போதும் என்றால் விடுகிறார். சிறகு தானாக நிமிர்கிறது. பின்ரைசர்களில் மெல்லிய அழுத்தம் கொடுத்து வளைவை முடிக்கிறார். வேகம் தளரும்போது டாகிளுக்கு மாறுகிறார். மெதுவான வேகத்தில் பின்ரைசரைப் பிடித்துக்கொண்டே இருந்தால் சிறகு எச்சரிக்கையின்றிச் செயலிழந்து ஆளைக் கீழே போட்டுவிடும்.

இதே காரியத்தை டாகிளால் செய்ய முடியாதா? முடியும், 1990-களில் செய்தார்கள், அதற்குப் பலர் பெரும் விலை கொடுத்தார்கள். ஒரு டாகிளை ஆழமாக இழுக்கும்போது சிறகு சட்டென்று சுழன்று குத்துகிறது. பாய்ச்சலை அளந்து கொடுக்கவோ நிறுத்தவோ அதில் நுண்மை இல்லை. ஸ்வூப் செய்யும் எண்ணமே இல்லாத புதியவரும் இதில் மாட்டிக்கொள்வதுண்டு. தரைக்கு அருகே வேலியோ மரமோ கண்ணில் பட்டதும் பதறி ஒரு டாகிளை இழுத்துவிடுவார். இரண்டு டாகிள்களையும் பாதி இழுத்துப் பிடித்து, ஒன்றை மட்டும் சற்று ஏற்றித் தட்டையாகத் திரும்பும் முறையை முதல் நாட்களிலேயே கற்றுக்கொடுப்பது இதற்காகத்தான்.

திருப்பத்தின் நடுவே உயரம் போதவில்லை என்று சந்தேகம் வந்தால் உடனே ரைசரை விட்டுச் சுழற்சியை நிறுத்த வேண்டும், இரண்டு பக்கமும் சமமாக நிமிர்த்த வேண்டும். எந்தத் திசை வருகிறதோ அந்தத் திசையில் இறங்க வேண்டும். காற்றுக்கு எதிராக இறங்கவில்லையே, நுழைவாயில் தவறுகிறதே என்ற தவிப்புகள்தான் பலரை இன்னும் கால் சுற்று சுழல வைத்தன. நடுவில் கைவிடுவதையும் தனிப் பயிற்சியாகச் செய்து பார்த்திருக்க வேண்டும். செய்து பழகாத ஒன்று அரை விநாடியில் கைக்கு வராது.

தனக்கான எண்ணைக் கண்டுபிடிக்கும் இடம் தரையருகே இல்லை. முதலில் நேராகப் பாய்ந்து இறங்குவது, பிறகு 90 பாகை, அது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரத் தொடங்கியபின் அடுத்தது என்று பயிற்சியாளரின் கண் பார்வையில்தான் ஏறிப் போகிறார்கள். புதிய கேனபிக்கோ புதிய திருப்பத்துக்கோ மாறும்போது, 3,000 அடிக்கு மேலே, பக்கத்தில் யாரும் இல்லாத வெளியில் அதே திருப்பத்தைத் திரும்பத் திரும்பச் செய்து, தொடங்கிய உயரத்தையும் நிமிர்ந்த உயரத்தையும் குறித்துக்கொள்கிறார்கள். கிடைத்த எண்களில் சராசரியை எடுக்கக் கூடாது, அதிகமாக விழுங்கியதைத்தான் எடுக்க வேண்டும். மேலே காற்று மெல்லியது என்பதால் அங்கே 700 அடி விழுங்கும் திருப்பம் கடல்மட்டத்தில் 640 அடி அளவே விழுங்கும். அந்த 60 அடியைக் கழித்துக்கொள்ளாமல் அப்படியே மேலே விட்டுவைத்துத்தான் முதல் முறை தரையை நோக்கித் திரும்ப வேண்டும்.