டாங்கி நம்முடையது, என்ஜின் யாருடையது?

சென்னையிலிருந்து மேற்கே ஓடும் மின்சார ரயில்களில் சில, பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் வரை போகும். ராணுவம் இந்தப் பக்கத்தில் அவ்வளவு பழகிப்போன விஷயம். ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையை யாரும் முழுப்பெயர் சொல்லிக் கேட்பதில்லை, எச்.வி.எஃப். என்றால்தான் ஆட்டோக்காரருக்கும் புரியும். டாங்கி அங்கேதான் உருவாகிறது. டாங்கி என்ஜின் செய்யும் என்ஜின் ஃபேக்டரி, ராணுவச் சீருடை தைக்கும் ஓ.சி.எஃப்., புது வண்டிகளை வடிவமைக்கும் சி.வி.ஆர்.டி.இ. ஆராய்ச்சி நிறுவனம் எல்லாமே அக்கம்பக்கம்தான். நாட்டின் பாதுகாப்புக் கொள்கை டெல்லியில் எழுதப்படுகிறது. அதன் பலமும் ஓட்டையும் இந்த மதில்களுக்குள் தெரியவரும். அதைப் புரிந்துகொள்ள ஒரு பொருளைப் பின்தொடர்ந்தால் போதும்: என்ஜின்.

எச்.வி.எஃப். 1961இல் தொடங்கப்பட்டது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனம் தந்த வடிவத்தை வைத்து இங்கே கட்டிய முதல் விஜயந்தா டாங்கி 1965இல் வெளியே வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பாகிஸ்தானுடன் போர் மூண்டது. உடனே அமெரிக்காவும் பிரிட்டனும் இரு நாடுகளுக்கும் ஆயுதம் தருவதை நிறுத்தின. அவசரத் தேவை வரும்போதுதான் விற்பவர் கையை விரிப்பார் என்பதை இந்தியா அப்போதே பார்த்துவிட்டது. விஜயந்தாவுக்குள் இருந்ததும் பிரிட்டிஷ் வடிவமான லேலண்ட் எல்60 என்ஜின்தான். அடிக்கடி மக்கர் செய்வதற்குப் பேர்போன என்ஜின் அது.

பிறகு சோவியத் டாங்கியான டி-72 வந்தது, அதன்பின் ரஷ்யாவின் டி-90. இரண்டும் ஆவடியில் கட்டப்பட்டன; என்ஜின்களையும் ஆவடியிலேயே உரிமம் வாங்கிச் செய்கிறார்கள். ஆனால் உரிமம் வாங்கிச் செய்வது வேறு, தானே வடிவமைப்பது வேறு. டி-72இல் இருக்கும் 780 குதிரைத்திறன் என்ஜினுக்குப் பதிலாக 1,000 குதிரைத்திறன் என்ஜின் வேண்டும் என்றபோது, 2025 மார்ச்சில் மறுபடியும் ரஷ்யாவிடம்தான் போக வேண்டியிருந்தது. 248 மில்லியன் டாலர் ஒப்பந்தம். தொழில்நுட்பத்தை ஆவடிக்கு மாற்றித் தரவேண்டும் என்ற ஏற்பாடும் அதில் இருப்பது நல்லதுதான். இத்தனை காலத்துக்குப் பின்னும் ஓர் என்ஜினுக்காக வெளிநாட்டிடம் போக நேர்ந்தது கவலை தருகிறது.

அர்ஜுனின் கதை இன்னும் நேரடியானது. 1974இல் ஒப்புதல் பெற்று சி.வி.ஆர்.டி.இ. வடிவமைத்த நம் சொந்த டாங்கி இது. முதலில் 124 டாங்கிகள் ராணுவத்தில் சேர்ந்தன. மேம்படுத்தப்பட்ட மார்க்-1ஏ டாங்கியை 2021 பிப்ரவரி 14 அன்று பிரதமர் சென்னையில் ராணுவத் தளபதியிடம் ஒப்படைத்தார். செப்டம்பரில் 118 டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய்க்கு எச்.வி.எஃப்.பிடம் ஆர்டர் தரப்பட்டது. இருநூறுக்கு மேற்பட்ட இந்திய நிறுவனங்களுக்கு வேலை கிடைக்கும் என்றது பாதுகாப்பு அமைச்சகம். ஆனால் அர்ஜுனை இழுக்கும் 1,400 குதிரைத்திறன் என்ஜின் ஜெர்மனியுடையது. அந்த என்ஜின் வந்து சேராததால் பணி தள்ளிப்போகிறது என்ற செய்தி பின்னர் வந்தது. கவசமும் பீரங்கிக் குழலும் தயாராக இருந்தாலும் என்ஜின் இல்லாத டாங்கி நகராது.

ஆறுதலான செய்தியும் உண்டு. சி.வி.ஆர்.டி.இ. முயற்சியில் உருவான 1,500 குதிரைத்திறன் என்ஜின் 2024 மார்ச் 20 அன்று மைசூருவில் உள்ள பி.ஈ.எம்.எல். ஆலையில் முதன்முறையாக இயங்கியது. அதற்காக உழைத்தவர்களை மனதாரப் பாராட்ட வேண்டும். சோதனை மேடையில் ஓடிய என்ஜின் பாலைவனப் புழுதியில் வருடக்கணக்கில் ஓடத் தேர்ச்சி பெறுவதற்குள் பல கட்டங்கள் உண்டு. அந்தக் கட்டங்களில் பணமும் பொறுமையும் வற்றிவிடக் கூடாது.

இதற்கிடையே சண்டை நடக்கும் இடமே மாறிவிட்டது. ஆவடி டாங்கிகள் பஞ்சாப் சமவெளிக்கும் ராஜஸ்தான் மணலுக்கும் என்று நினைத்துக் கட்டப்பட்டவை. 2020 ஜூன் 15 இரவு கல்வானில் சீனப் படையுடன் நடந்த மோதலில் நம் வீரர்கள் 20 பேர் உயிர்விட்டனர். ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் அவர்களில் ஒருவர். அடுத்த சில வாரங்களில் லடாக் மலைகளில் பதினைந்தாயிரம் அடிக்கும் மேலே டாங்கிகளை ஏற்ற வேண்டியிருந்தது. அங்கே காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதால் என்ஜினின் பலம் குறையும். பாலங்கள் கனத்தைத் தாங்க வேண்டும். அர்ஜுன் மார்க்-1ஏவின் எடை 68 டன், டி-90 சுமார் 46 டன். சீனாவிடம் மலைக்கென்றே செய்த இலகு டாங்கி இருந்தது. நம்மிடம் இருக்கவில்லை.

அந்தக் குறையைப் போக்க சி.வி.ஆர்.டி.இ.யும் எல் அண்ட் டி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியதுதான் ஜோராவர். 25 டன் எடை. 2024 ஜூலையில் குஜராத்தின் ஹசீராவில் வெளியுலகுக்குக் காட்டினார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே 4,200 மீட்டருக்கு மேலான உயரத்தில் சுட்டுப் பார்த்தார்கள். இந்த வேகம் நமக்குப் புதிது. என்ஜின் கதை மட்டும் பழையதுதான். ஜெர்மன் என்ஜின் என்று திட்டமிட்டு, அந்நாட்டின் ஏற்றுமதி அனுமதி இழுபறியானதால் அமெரிக்க கம்மின்ஸ் என்ஜினுக்கு மாறினார்கள்.

அடுத்த மாற்றம் வானத்திலிருந்து வந்தது. உக்ரைன் போரில் சில நூறு டாலர் விலையுள்ள சிறு ட்ரோன்கள் டாங்கிகளைத் தேடிப் பிடித்து அழித்தன. அமெரிக்கா தந்த 31 ஏப்ரம்ஸ் டாங்கிகளில் எஞ்சியவற்றை 2024 ஏப்ரலில் உக்ரைன் முன்களத்திலிருந்து பின்னால் கொண்டுபோனதாகச் செய்தி வந்தது. 7,523 கோடியை 118ஆல் வகுத்தால் ஓர் அர்ஜுனுக்கு ஏறத்தாழ 64 கோடி ரூபாய் வருகிறது. இந்தக் கணக்கைப் பார்த்து, டாங்கியின் காலம் முடிந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நிலத்தைப் பிடித்து நிற்க இன்றும் கவச வண்டி வேண்டும். உக்ரைனில் இரு தரப்பும் டாங்கிகளைக் கைவிடவில்லை, மேலே இரும்புக் கூண்டு கட்டி, ட்ரோன் அலைவரிசையைக் குலைக்கும் கருவி பொருத்தி ஓட்டுகின்றன. நம் எல்லையிலும் 2025 மே 8 இரவில் 36 இடங்களைக் குறிவைத்து 300 முதல் 400 ட்ரோன்களை பாகிஸ்தான் அனுப்பியதாக அரசு சொன்னது. இனி ஆவடியில் கட்டப்படும் ஒவ்வொரு வண்டியும் வானத்தையும் பார்த்துக்கொள்ளத் தெரிந்ததாக இருக்க வேண்டும்.

ட்ரோனைத்தான் நாமே செய்துவிடலாமே என்று தோன்றும். செய்கிறோம். 2022 பிப்ரவரியில் முழு ட்ரோன் இறக்குமதிக்கு அரசு தடை விதித்தது. உதிரி பாகங்களுக்குத் தடை விதிக்கவில்லை. அதனால் மோட்டாரும் பேட்டரியும் மின்னணுப் பலகையும் பெருமளவு சீனாவிலிருந்தே வந்தன. சீனப் பாகங்கள் இருந்ததால் 400 ட்ரோன்களுக்கான ஒப்பந்தங்களை ராணுவம் ரத்து செய்ததாக 2025 பிப்ரவரியில் செய்தி வந்தது. ஏப்ரலில் அபூர்வ மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு கொண்டுவந்தது. ட்ரோன் மோட்டாருக்குள் இருப்பதும் அந்தக் காந்தம்தான். 1965இல் டாங்கி என்ஜினில் இருந்த சிக்கல் இப்போது உள்ளங்கை அளவு மோட்டாரில் உட்கார்ந்திருக்கிறது.

இங்கேதான் ஆவடிக்கு அருகே உள்ள அம்பத்தூரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1964இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத், சி.என்.சி., கியர், வார்ப்பு என்று எல்லா வேலைக்கும் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். கார் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து பழகிய பட்டறைகள் அவை. டாங்கி பாகங்களோ ட்ரோன் மோட்டாரோ செய்யும் திறமை அங்கே உண்டு. அவர்களுக்கு இல்லாதது உறுதியான ஆர்டர். மூன்று வருடத்துக்கு ஒரு முறை கொஞ்சம் வந்து, பிறகு நின்றுபோகும் வேலைக்காக யாரும் கடன் வாங்கிப் புது மெஷின் போட மாட்டார்கள். 2019 ஜனவரியில் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கப்பட்டபோது அதன் ஐந்து மையங்களில் சென்னையும் இடம்பெற்றது. பெரிய கம்பெனிகளின் முதலீட்டு அறிவிப்புகளை விட, சின்னப் பட்டறைகளுக்குத் தொடர்ந்து போகும் கொள்முதல் ஆணைகளே அதன் வெற்றிக்கு அளவுகோல்.

எச்.வி.எஃப்.க்குள்ளும் இதே பிரச்சினை. 2021 அக்டோபர் 1 அன்று பழைய படைக்கல வாரியத்தைக் கலைத்து, அதன் 41 தொழிற்சாலைகளை ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரித்தார்கள். எச்.வி.எஃப்.பும் என்ஜின் ஃபேக்டரியும் ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஏ.வி.என்.எல். நிறுவனத்தில் சேர்ந்தன, ஓ.சி.எஃப். வேறொரு நிறுவனத்துக்குப் போனது. அரசு ஊழியர் என்ற நிலை பறிபோகும் என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அவர்கள் அச்சத்தை வெறும் சம்பளப் பிரச்சினையாகப் பார்க்க முடியாது. டாங்கியின் கவசத் தகட்டை வெல்டிங் செய்யும் கை ஒரே வருடத்தில் உருவாவதில்லை. ஆர்டர் இல்லாமல் அந்தக் கைகள் கலைந்துபோனால், பிறகு எத்தனை கோடி ஒதுக்கினாலும் உடனே திரும்பி வராது.

எனவே அடுத்த முறை இத்தனை டாங்கிக்கு ஆர்டர், இத்தனை ட்ரோனுக்கு ஒப்பந்தம் என்று செய்தி வரும்போது எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள். என்ஜின் எங்கிருந்து வருகிறது, மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் யாருடையது, அம்பத்தூர் பட்டறைக்கு அதில் எவ்வளவு வேலை என்று கேளுங்கள். உங்கள் எம்.பி.யிடமும் கேளுங்கள்.