என்ஜின் ஓடுது, கதவு மூடுதில்லை

ஒவ்வொரு ஜனவரியிலும் டவுன்டவுனில், பலே தெ கொங்கிறே மண்டபத்தில் மொன்றியல் கார்க் கண்காட்சி நடக்கும். குளிரில் வேறெங்கும் போக இடமில்லாத மாதம் என்பதால் எங்கட ஆட்கள் பலர் பிள்ளையளோடு போவார்கள். அடுத்தமுறை போகும்போது குதிரைவலுக் கணக்கை விட்டிட்டு, கதவுக்கும் முன் மட்கார்ட்டுக்கும் நடுவில் உள்ள கோட்டைப் பாருங்கோ. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்கும். தொழிற்சாலையில் அதற்கென்றே அளவுக் கருவிகளும் ரோபோக்களும் உண்டு. அதே கோட்டை வீட்டுக் கராஜில், கையால், ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையோடு சேர்ந்து கொண்டுவர முடியுமா?

முடியும். ஆனால் கிட் கார் கட்டுகிறவர்கள் பலர் நின்றுபோகிற இடமும் அதுதான். விற்பனைக்கு வரும் அரைகுறைக் கிட் கார்களைக் கவனித்தால் தெரியும்: என்ஜின் ஓடும், பிறேக் பிடிக்கும், பொடி மட்டும் மேலே சும்மா வைத்தபடி கிடக்கும்.

இந்த மாதிரி வேலைக்குக் கியூபெக்கில் ஒரு பழைய கதை இருக்கு. ஜாக் அபூ என்ற பிரெஞ்சுக்காரர், ரெனோ 8 காரின் அடிச்சட்டத்தையும் என்ஜினையும் எடுத்து, அதற்குமேல் பைபர்கிளாஸ் பொடி ஒன்றைப் பூட்டி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்தார். பெயர் மனிக் ஜி.ரி. வடக்கே பெரிய நீர்மின் அணைகள் கட்டப்பட்ட மனிக்குவாகன் ஆற்றின் பெயரைச் சுருக்கி வைத்தது. 1969 இல் தொடங்கி, முதலில் தெர்போனிலும் பிறகு கிறான்பியிலும் செய்தார்கள். 1971 இல் மூடிவிட்டார்கள். மொத்தம் ஏறத்தாழ 160 கார்தான். இன்றைக்கு ஒரு குடும்பம் கராஜில் செய்கிறதும் அடிப்படையில் அதே வேலை. யாரோ செய்த அடிச்சட்டம், யாரோ வார்த்த பைபர் ஓடு, இரண்டையும் பொருத்திவைக்கிறது உங்கட பொறுப்பு.

மொன்றியலில் இருக்கிறவர்களுக்குக் கிட்ட உள்ள பெரிய கிட் கம்பனி, பொஸ்ரனுக்குத் தெற்கே வெயர்ஹாம் என்ற ஊரில் 1995 இலிருந்து இயங்கும் ஃபக்ரரி ஃபைவ். கொப்ரா மாதிரி றோட்ஸ்ரர் கிட் வாங்கினால் பொடி பெரிய ஒற்றை ஓடாக வரும். கதவு, பொனற், டிக்கி மூடி தனித்தனி. அச்சிலிருந்து எடுத்த துண்டுகள் ஒன்றோடொன்று தானாகவே சரியாக உட்காரும் என்று நினைத்துப் பெட்டியைத் திறக்க வேண்டாம். உட்காராது. உட்காரவைக்கிறதுதான் வேலையே.

இங்கேதான் எங்கட வீடுகளில் ஒரு சிக்கல் வரும். என்ஜின் பூட்டும்வரைக்கும் பிள்ளை பக்கத்தில் நிற்கும். ஸ்பனர் எடுத்துக் கொடுக்கும், நட் இறுக்கும், ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதோ ஒன்று முடிந்திருக்கும். பொடி வேலை வந்ததும் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு முழு நாள் தேய்த்தால் ஒரு மில்லிமீற்றர். "நீ பழுதாக்கிப்போடுவாய், தள்ளி நில்" என்று அப்பா சொல்லத் தொடங்குவார். பிறகு பிள்ளை ஃபோனோடு மேலே போய்விடும். இரண்டு கோடை இப்படிக் கழிந்தால், அது சீஜெப்புக்குப் போய்விடும். கார் அப்பாவின் காராகிவிடும். காசு போறதைவிட இது பெரிய நட்டம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த வேலைக்குப் பெரிய ஆளின் பலமோ அனுபவமோ அதிகம் தேவையில்லை. நல்ல கண்ணும் பொறுமையும் வேண்டும். கண் விஷயத்தில் பதினான்கு வயது எங்களைவிடக் கட்டாயம் மேல்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் விதி: கார் தன் சக்கரங்களில், தன் பாரத்தோடு நிலத்தில் நிற்கவேணும். ஜாக்கில் தூக்கி வைத்துப் பொருத்தினால், இறக்கிய பிறகு அடிச்சட்டம் சற்று வளைந்து இடைவெளியெல்லாம் மாறிப்போகும். அடுத்தது பொடியை நடுவாக வைப்பது. முன்னும் பின்னும் தூக்குநூல் தொங்கவிட்டு, நான்கு சக்கரமும் அதனதன் வளைவுக்கு நடுவில் இருக்குதா என்று அளக்கவேணும். இந்த அளவுகளைப் பிள்ளை எடுத்து, மாஸ்கிங் ரேப்பில் எழுதி, அந்தந்த இடத்திலேயே ஒட்டட்டும். திருத்தத் திருத்தப் புது ரேப். பத்து நாளில் கார் முழுக்கக் கணக்குப் புத்தகம் மாதிரி ஆகிவிடும். அது நல்லது.

பிறகு கதவு. பொனற்றில் தொடங்க ஆசை வரும், ஏனென்றால் அது பெரிசு, அழகு. வேண்டாம். பின் மட்கார்ட்டுக்கும் முன் மட்கார்ட்டுக்கும் நடுவில் நிற்பது கதவு, அதை வைத்துத்தான் மற்றதெல்லாம். பிணைச்சல் பக்கத்தை முதலில் சரிசெய்யுங்கோ: மேலே கீழே, உள்ளே வெளியே, முன்னே பின்னே. அது சரிவந்த பிறகுதான் பூட்டுப் பக்கம். ரப்பர் பீடிங்கை முதலே ஒட்டிவிடவேணும். அதை மறந்தால், எல்லாம் முடிந்து ரப்பர் ஒட்டுகிற நாளில் கதவு அரை விரல் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும்.

இடைவெளி எவ்வளவு? நாலைந்து மில்லிமீற்றர் போதும். அகலத்தைவிட முக்கியம் அது மாறாமல் இருப்பது. ஆறு மில்லிமீற்றர் ஒரே சீராகப் போனால் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். நாலில் தொடங்கி ஆறில் முடிந்தால் எதிர் றோட்டிலிருந்தே தெரியும். பெயின்றையும் கணக்கில் வைக்கவேணும். பிறைமரும் பெயின்றும் இரு ஓரத்திலும் ஏறினால் அரை மில்லிமீற்றர் வரை தின்றுவிடும். மட்டம் ஒத்துவராத இடத்தில், பின்னால் உள்ள துண்டு முன்னால் உள்ளதைவிட மயிரளவு உள்ளே இருக்கட்டும். மாறி இருந்தால் காற்று அந்த ஓரத்தில் மோதிச் சத்தம் போடும்.

இதற்கு நல்ல கருவி, பெயின்ற் வாங்கும்போது கடையில் சும்மா தரும் கலக்கும் தடி. ஒரே தடிப்பான தடிகளைத் தேர்ந்து, ஒன்றில் சான்ட் பேப்பரைச் சுற்றி இடைவெளிக்குள் மேலும் கீழும் இழுத்தால், இறுக்கமான இடம் மட்டும் தேயும். சுற்றாத தடி அளவுகோல். சிறு கைக்கு இது மிகவும் பொருந்திய வேலை.

அகலமான இடத்துக்கு என்ன செய்வது? தகரமென்றால் தட்டி இழுக்கலாம். பைபர் தட்டினால் வெடிக்கும், இழுத்தால் திரும்பிப் போகும். ஓரத்தை வளர்க்கத்தான் வேணும்: றெசினில் நறுக்கிய பைபர் இழையைக் குழைத்து ஓரத்தில் அப்பி, காய்ந்ததும் தேய்த்து எடுப்பது. எதிர் ஓரத்தில் பாக்கிங் ரேப் ஒட்டாமல் அப்பினால் கதவு மட்கார்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். சாதாரணப் பட்டியை ஓரத்தில் தடிப்பாகப் போடவேண்டாம், இரண்டு தரம் கதவை அடித்துச் சாத்தினால் உதிரும். இன்னொன்று: ஒத்துவராத பொடியைத் திருகாணியால் இறுக்கி இழுத்து உட்காரவைக்காதீங்கோ. இன்றைக்கு உட்காரும். அடுத்த கோடையில் பெயின்றில் சிலந்திவலை மாதிரி வெடிப்பு வரும். துளையைச் சற்றுப் பெரிதாக்கி, அகலமான வாசர் போட்டு, இடைவெளி உள்ள இடத்தில் தகடு வைத்து நிரப்புவதே சரி.

பைபரும் றெசினும் எங்கட ஆட்களுக்குப் புதுச் சரக்கில்லை. 1967 இல் நோர்வேக்காரர் துணையோடு தொடங்கிய சீநோர் நிறுவனம், காரைநகரில் பைபர்கிளாஸ் மீன்பிடிப் படகு கட்டியது. உங்கட அப்பப்பாவோ அவருடைய கூட்டாளியோ அந்தப் பக்கத்து ஆளாக இருந்தால், றெசின் எப்ப இறுகும் என்று மணத்திலேயே சொல்லுவார். கராஜில் ஒரு கதிரை போட்டு இருத்துங்கோ. எப்படியும் பொடியைத் தூக்க நாலு பேர் வேணும். அவருக்கு உள்ள ஒரே குறை, படகுக்குக் கதவு இல்லை.

"உதென்ன பெரிய வேலை" என்று சொல்லும் மாமாமாருக்குப் பிறிக்ளின் கதையைச் சொல்லலாம். 1974, 75 இல் நியூ பிறன்ஸ்விக் மாகாண அரசின் காசோடு செயின்ற் ஜோனில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். பைபருக்குமேல் நிறம் ஊறிய அக்றிலிக் ஒட்டிய பொடி. பெயின்றே தேவையில்லை என்பது திட்டம். ஒட்டும்போது குமிழியும் வெடிப்புமாக ஏராளமான துண்டுகளைக் கழித்து எறிய வேண்டியிருந்தது. மூவாயிரம் கார்கூடச் செய்யாமல் 1975 இல் கம்பனி விழுந்தது. பொடி மட்டுமே காரணம் என்று சொல்லமுடியாது. ஆனால் பெரிய காரணங்களில் அது ஒன்று.

டவுன்டவுன் கொண்டோவில் இருக்கிறவர்கள் நிலக்கீழ்ப் பார்க்கிங்கில் இதைச் செய்யலாம் என்று நினைக்கவே வேண்டாம். றெசின் மணம் லிஃப்ற் வழியாகப் பத்தாம் மாடிக்கு ஏறும், அடுத்த நாளே நிர்வாகத்திடமிருந்து கடிதம் வரும். லவாலிலோ லாசாலிலோ கராஜ் உள்ள சொந்தக்காரரைப் பிடிப்பது நல்லது. பைபர் தேய்க்கும்போது எல்லாருக்கும் சரியான மாஸ்க், கண்ணாடி, நீளக் கை சட்டை. தூசு தோலில் பட்டால் இரவு முழுக்கக் கடிக்கும், நுரையீரலுக்கும் கூடாது. மெசினால் தேய்க்கும் நேரத்தில் சின்னப் பிள்ளையளை உள்ளே விடாதீங்கோ. கிட் வாங்க முதலே, எல்லை கடந்து கொண்டுவரவும் பதிவு செய்யவும் என்னென்ன கடதாசி வேணும் என்று எஸ்.ஏ.ஏ.கியூவிடமும் கனடா போக்குவரத்துத் திணைக்களத்திடமும் எழுத்தில் கேட்டு வையுங்கோ.

பெயின்றை வெளியே கொடுக்கலாம், அதில் வெட்கமில்லை. 'டெபோஸ்லாஜ்' என்று பலகை தொங்கும் கடைகளில் மணித்தியாலக் கணக்கில் காசு. இடைவெளிகளை நீங்களே சரிசெய்து கொண்டுபோனால் கூலி நிறையக் குறையும். அதற்கு முதல் பொடியைச் சில கிழமை வெயிலில் விடுங்கோ. புதுப் பைபர் சூட்டில் இன்னும் கொஞ்சம் இறுகிச் சுருங்கும், அது பெயின்றுக்குப் பிறகு நடந்தால் மேற்பரப்பில் தெரியும். ஆகவே மொன்றியலில் இந்த வேலைக்குக் காலம் மே முதல் செப்ரெம்பர் வரைதான். சூடாக்காத கராஜில் றெசின் இறுகாது. குளிர்காலத்தில் வயரிங்கைச் செய்யுங்கோ, றெசின் டப்பா மூடினபடி இருக்கட்டும்.