களத்தில் பேசிய ஒப்பந்தம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., தாவரவியல்)

தாவரவியல் மாணவனுக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். சென்ற தை மாதம் எங்கள் வீட்டிற்கு ஒரு தாள் வந்தது. பாட்டனார் காலந்தொட்டு நாங்கள் குத்தகைக்குப் பயிரிட்டு வரும் ஆறு மா நிலத்தை, 'என் சுயவிருப்பத்தின் பேரில் ஒப்படைத்துவிட்டேன்' என்று தந்தையார் கைநாட்டு வைக்க வேண்டுமாம். வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. படித்தேன், பொருள் முழுவதும் விளங்கவில்லை. வணிகவியல் தோழன் ஒருவனிடம் அவனுடைய சட்டப் பாடநூலை இரவல் வாங்கினேன்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இல் இயற்றப்பட்டது. சட்டத்தால் செயற்படுத்தத்தக்க உடன்படிக்கையே ஒப்பந்தம் என்கிறது அது. ஒருவர் முனைய, மற்றவர் ஏற்க வேண்டும். இசைவு உண்மையானதாக இருக்க வேண்டும். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். நோக்கம் முறையானதாக இருக்க வேண்டும். இவற்றைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் வணிகவியல் நண்பர்கள் என்னைப் பொறுத்தருள்க.

இவற்றோடு மறுபயனும் வேண்டும். 'நீ இது செய்தால் நான் அது தருவேன்' என்பதே அது. 1880-களின் தொடக்கத்தில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்த்த சின்னய்யா - இராமய்யா வழக்கு சுவையானது. மூதாட்டி ஒருவர் தம் நிலத்தை மகளுக்குக் கொடுத்து, தம் உடன்பிறந்தாருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தரவேண்டுமென்றார். மகளும் எழுதிக் கொடுத்தார். பிறகு, 'அவர்களிடமிருந்து எனக்கு எந்த மறுபயனும் வரவில்லையே' என்று மறுத்தார். மூதாட்டியிடமிருந்து நிலம் வந்ததே போதும், சொன்னபடி கொடு என்றது நீதிமன்றம்.

எங்களுக்கு வந்த தாளில் மறுபயன் என்று ஒரு காசும் குறிப்பிடப்படவில்லை. சில விலக்குகள் நீங்கலாக, மறுபயனற்ற உடன்படிக்கை செல்லாது.

ஒப்பந்தம் என்றால் பத்திரம் என்றே நான் எண்ணியிருந்தேன். அது பிழை. வாய்ச்சொல்லும் ஒப்பந்தமே. 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், வெளிப்படையாகப் பேசியதோ நடத்தையால் உணரப்படுவதோ ஆகிய குத்தகை உடன்பாடு இருந்தாலே போதும் என்கிறது. ஆனால், பிறர் நிலத்தில் தானோ தன் குடும்பத்தாரோ உடலுழைக்க வேண்டும். தந்தையாரின் உள்ளங்கையைப் பார்த்தவர் அதற்குச் சான்று கேட்கமாட்டார், அலுவலகத்திலோ கேட்பார்கள்.

இருவர் மனமொத்துப் பேசியதில் அரசு ஏன் தலையிட வேண்டும் என்று தோழன் கேட்டான். பசித்தவன் மனமொப்புவதை எப்படி அளப்பது? நம் மாவட்டத்துக்கென்றே 1952-இல் இராஜாஜி அரசு தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அப்போது விளைச்சலில் குடியானவனுக்கு உறுதி செய்யப்பட்ட பங்கு நூற்றுக்கு 40. 1956-ஆம் ஆண்டின் நியாய வாரச் சட்டம் நன்செயில் அதைத் தலைகீழாக்கியது: நிலத்துக்காரருக்கு 40, உழுதவனுக்கு 60. பின்னாளில் நிலத்துக்காரர் பங்கு 25 ஆகக் குறைந்தது. 'பாதிக்குப் பாதி' என்று களத்தில் பேசியிருந்தாலும் நியாய வாரத்துக்கு மேல் சட்டப்படி கேட்க இயலாது.

ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவும் எங்களுக்கு உதவிற்று. ஒருவர் மற்றவரை ஆட்டிவைக்கும் நிலையிலிருந்து, ஒப்பந்தமும் பார்த்தவுடன் அநியாயமாகத் தோன்றினால், தகாச் செல்வாக்கைச் செலுத்தவில்லை என்று மெய்ப்பிக்க வேண்டியவர் அந்த மேல்நிலைக்காரரே.

வணிகவியல் விரிவுரையாளர் ஒருவர் இன்னொன்றும் சொன்னார்: 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமைப் பதிவேட்டில் பெயர் ஏறவேண்டும், ஏறாதவன் பாடு திண்டாட்டம். எங்கள் பெயர் அதில் இல்லை. அடங்கலிலும் இல்லாததால் கொள்முதல் நிலையத்தில் எங்கள் நெல்லை வேறொருவர் பெயரில்தான் போட்டு வந்தோம்.

தந்தையார் கைநாட்டு வைக்கவில்லை. பதிவேட்டில் பெயர் சேர்க்க வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறோம். இம்முறை குத்தகை நெல் அளந்தபோது, 'ஒரு ரசீது போட்டுத் தாருங்கள்' என்று தந்தையார் வாழ்நாளில் முதன்முறையாகக் கேட்டார். நிலத்துக்காரரின் மகன் சிரித்தார். பிறகு என் பேனாவையே வாங்கி எழுதித் தந்தார். தேதி போடவில்லை என்று நான் சொன்னேன், அதையும் போட்டார்.