உங்களுக்குத் தெரியுமா? எல்லையில் ஒரு மஞ்சள்-சிவப்புக் கொடி

ஓசூரை அடுத்த ஜூஜுவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்ததும் ஆட்டோக்களிலும் கடை வாசல்களிலும் மஞ்சள்-சிவப்புக் கொடி தென்படும். இது கர்நாடகத்தின் அதிகாரபூர்வக் கொடி அல்ல. கன்னட இயக்கத் தலைவரும் பத்திரிகையாளருமான ம. ராமமூர்த்தி 1960களில் உருவாக்கியது. மஞ்சளும் குங்குமமும்தான் அந்த நிறங்கள். இவை தமிழ் வீடுகளிலும் மங்கலப் பொருள்களே.

கன்னட ஆர்வலர்களுக்கு இது மொழிப்பற்றின் அடையாளம். எல்லையின் இந்தப் பக்கம் பலருக்கு அது நினைவூட்டுவது காவிரிப் போராட்டங்களை. 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிக்கப்பட்டன. தமிழகப் பேருந்துகள் ஓசூரோடு நின்றுவிட, பயணிகள் மூட்டை முடிச்சுகளுடன் எல்லையை நடந்தே கடந்தனர். மகாராஷ்டிர எல்லையை ஒட்டிய, கர்நாடகத்தின் பெலகாவியில் நிலைமை வேறு: மராத்தி அமைப்புகள் காவிக்கொடியை உயர்த்த, அங்கே கொடியே எல்லைத் தகராறாகிவிடுகிறது.

2018 மார்ச்சில் சித்தராமையா அரசு நடுவே வெள்ளைப் பட்டையும் மாநில முத்திரையும் சேர்த்த புதிய கொடியை அறிமுகப்படுத்தி, மத்திய அரசின் ஒப்புதலைக் கோரியது. தேர்தல் நெருங்கிய நேரம் என்பதால் இது வாக்கு அரசியல் என்ற விமர்சனமும் எழுந்தது. மாநிலங்களுக்குத் தனிக்கொடி கூடாது என்று அரசியலமைப்பில் வெளிப்படையான தடை எதுவும் இல்லை. ஜம்மு-காஷ்மீருக்கு 2019 வரை தனிக்கொடி இருந்தது.

இந்த யோசனையில் தமிழகம் முந்திக்கொண்டது என்பது பலர் மறந்துவிட்ட செய்தி: 1970இலேயே முதலமைச்சர் மு. கருணாநிதி தமிழ்நாட்டுக்குத் தனிக்கொடி வேண்டும் என்று முன்மொழிந்தார். அது நடைமுறைக்கு வரவில்லை.