பிரேக் குழாயில் புகுந்த காற்று

2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசிடர் கார் இன்றும் சில இல்லங்களில் உழைக்கின்றது. அதன் பிரேக் பெடல் பஞ்சுபோல் அமிழ்ந்தால், குழாயில் காற்று புகுந்திருக்கலாம். அழுத்தினால் எண்ணெய் ஒடுங்காது, காற்றோ ஒடுங்கிவிடும். மிதித்த விசை சக்கரத்தை முழுமையாய்ச் சேராது.

அக்காற்றை வெளியேற்ற இருவர் வேண்டும். சமதரையில் வண்டியை நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குங்கள். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, குமிழிகளோடு எண்ணெய் வெளிவந்ததும் மூடவேண்டும். மூடிய பின்னரே காலை எடுக்கலாம். முந்தினால் காற்று மீண்டும் புகும். குமிழி அற்றதும் அடுத்த சக்கரம். தொட்டியில் எண்ணெய் வற்றலாகாது. வெளிவந்ததை மறுபடி ஊற்றலாகாது.

பெடல் உறுதியாய் நின்றாலன்றி வண்டியை நகர்த்தாதீர்கள். உங்களை நம்பி அதில் ஏறுவது உங்கள் குடும்பமன்றோ!